ஓவியத்திலிருந்து இறங்கி வரும் முன்னோர்கள்: ‘ரடிகோர்’ மேடையமைப்பு அனுபவம்

வசனமும் பாட்டும் கில்பர்ட், இசை சல்லிவன் என்று இருவரும் சேர்ந்து எழுதிய ‘ரடிகோர்’ இசை நாடகத்தின் இரண்டாம் அங்கம் ஒரு பழைய கோட்டையின் ஓவியக் கூடத்தில் நடக்கிறது. சுவர் நெடுக ஆளுயர ஓவியங்கள், எல்லாம் அந்தப் பரம்பரையின் செத்துப்போன பிரபுக்கள். ஒரு கட்டத்தில் மேடை இருண்டு, வெளிச்சம் திரும்பும்போது ஓவியங்களுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். பிறகு அவர்கள் சட்டங்களை விட்டு இறங்கி மேடையைச் சுற்றி நடக்க வேண்டும். காட்சி முடிந்ததும் திரும்பப் போய் ஓவியமாகிவிட வேண்டும்.

வட இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரில், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது என்ற முறையில் இந்த நாடகங்களைப் போடும் ஒரு சொசைட்டி இருக்கிறது. பாடுபவர்கள், தைப்பவர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். ஒத்திகை சர்ச் ஹாலில், மேடைச் சாமான்கள் வாடகை கராஜில். நான் மேடை கட்டும் குழுவில் இருக்கிறேன். இந்த முறை ‘ரடிகோர்’ என்று முடிவானதும் ஓவியக் கூடம் எங்கள் தலையில் வந்தது. அதை எப்படிச் செய்தோம் என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கும் மேடைத் தந்திரங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மர்கட்ராய்ட் வம்சத்தின் முதல் பிரபு சூனியக்காரிகளை வேட்டையாடிக் கொளுத்தியவர். எரிந்துகொண்டே ஒருத்தி சாபம் கொடுக்கிறாள்: இந்தப் பட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தினம் ஒரு குற்றம் செய்ய வேண்டும், தவறினால் சித்திரவதைப்பட்டுச் சாக வேண்டும். இப்போது பட்டத்துக்கு வந்திருக்கும் ரிவ்வன் ரொம்ப நல்ல பிள்ளை. முன்னோர்களின் ஆவிகள் ஓவியத்திலிருந்து இறங்கி வந்து கணக்குக் கேட்கின்றன. திங்கட்கிழமை வங்கி விடுமுறை, செவ்வாய்க்கிழமை வருமான வரிக் கணக்கில் பொய் சொன்னேன் என்கிறான். அதெல்லாம் குற்றமே இல்லை, எல்லாரும் செய்வதுதானே என்று ஆவிகள் தள்ளிவிடுகின்றன. ஒரு நரியைச் சுட்டேன் என்று சொன்னதும்தான் கொஞ்சம் மதிப்பு வருகிறது. நாய்களோடு குதிரையேறி நரி வேட்டையாடும் மேட்டுக்குடியில், நரியைத் துப்பாக்கியால் சுடுவது அவ்வளவு பெரிய அபசாரம்.

இந்த நகைச்சுவை எடுபட வேண்டுமானால், அதற்கு முன்னால் ஆவிகள் வருகிற இடம் நிஜமாகவே மயிர்க்கூச்செறிய வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சல்லிவன் அந்த இடத்துக்கு எழுதிய இசையில் விளையாட்டே கிடையாது. ரிவ்வனின் பெரியப்பா ராடரிக்கின் ஆவி பாடும் பாட்டில் காற்று ஊளையிடுவது வாத்தியங்களிலேயே கேட்கும். நகைச்சுவை நாடகத்துக்கு இந்த இசை கனம் அதிகம் என்று கில்பர்ட்டுக்கு மனக்குறை இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜப் பேய் வந்து வருமான வரியைப் பற்றிப் பேசினால்தான் சிரிப்பு வரும். பொம்மைப் பேய் பேசினால் வராது. அதனால் அட்டைச் சட்டத்துக்குப் பின்னால் ஆட்களை நிறுத்திச் சமாளிக்கலாம் என்ற யோசனையைக் குழுவில் எல்லாருமே ஆரம்பத்தில் ஒதுக்கிவிட்டோம்.

முதலில் எத்தனை ஓவியம்? நாடகப் பிரதியில் பெயரோடு வரும் ஆவிகள் எட்டு பேர், முதலாம் பிரபு ரூபர்ட்டிலிருந்து இருபத்தொன்றாம் பிரபு ராடரிக் வரை. எங்கள் மேடையின் முகப்பு ஏழு மீட்டர்தான். ஆள் நிற்கிற அளவு சட்டம், இடையில் கொஞ்சம் சுவர், ஒரு வாசல் என்று கூட்டினால் எட்டு அடங்காது. ஐந்து சட்டம் போதும் என்று வைத்துக்கொண்டோம். மற்ற மூவரும் இருட்டில் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வார்கள். பார்வையாளர் யாரும் எண்ணுவதில்லை. பேய்கள் நடக்க ஆரம்பித்தபின் கண் எல்லாம் ஊர்வலத்தின் மேல்தான்.

கில்பர்ட் தன் நாடகங்களைத் தானே இயக்கியவர். சிறிய மாதிரி மேடை செய்து, அதில் பாத்திரங்களுக்குப் பதில் மரக்கட்டைகளை நகர்த்திப் பார்த்துத்தான் ஒத்திகைக்கு வருவார். நாங்களும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் மேடை செய்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். எந்தச் சட்டத்தை எந்தக் கோணத்தில் திருப்பினால் ஓர இருக்கைக்காரருக்கும் உள்ளே தெரியும் என்பது அந்த அட்டை மேடையில்தான் புரிந்தது. ஓரத்துச் சட்டங்கள் இரண்டையும் உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டியது அதனால்தான்.

தந்திரத்தின் உயிர் துணியில் இருக்கிறது. மேடைக்காரர்கள் ‘ஷார்க்டூத் காஸ்’ என்று சொல்லும் ஒரு வகைச் சல்லாத் துணி. நெசவு இடைவெளி சின்னச் சின்னச் செவ்வகமாக இருக்கும். முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்து பின்னால் இருட்டாக இருந்தால் துணி சுவர்போலத் தெரியும், அதன்மேல் தீட்டியிருப்பது ஓவியமாகத் தெரியும். முன் வெளிச்சத்தை அணைத்துப் பின்னால் நிற்பவர் மேல் விளக்கைப் போட்டால் துணி மறைந்து ஆள் தெரிவார். தத்துவம் இவ்வளவுதான், நூறு வருஷத்துக்கும் மேலான பழைய வித்தை. ஆனால் சின்ன அரங்கில் இதைச் செய்யும்போது மூன்று தொல்லைகள் வரும்: துணியில் சுருக்கம், வெளிச்சக் கசிவு, துணியே வழியை மறிப்பது.

வழியை மறிக்கும் பிரச்சினையை முதலில் தீர்த்தோம். நான்கு சட்டங்களுக்கு உருளை. துணிக்கடையில் தூக்கிப் போடும் அட்டைக் குழாய்களைக் கேட்டு வாங்கி, கனத்துக்கு உள்ளே இரும்புக் கம்பியைச் செருகி, காஸின் கீழ்முனையை அதில் ஒட்டினோம். குழாயின் இரு முனைகளிலும் கயிறு. துணி கீழே இறங்க இறங்கக் கயிறு குழாயில் சுற்றிக்கொள்ளும். கயிற்றை மேலே இழுத்தால் குழாய் உருண்டு, துணியைச் சுருட்டிக்கொண்டே மேலே ஏறும். இரண்டு கயிறும் கப்பி வழியாக ஒரே கயிறாகச் சேர்ந்து பக்கத்துக்குப் போவதால் குழாய் சாயாமல் நேராக ஏறுகிறது. பழைய வாடவில் (பல்சுவைக் கேளிக்கை) அரங்குகளின் திரைகள் இப்படித்தான் சுருண்டன. மேடையின் இரு பக்கமும் ஆளுக்கு இரண்டு கயிறு. துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கக்கூடாது. தைத்தால் அந்த இடம் தடித்துச் சுருள் கோணிக்கொள்ளும். ஓரத்தில் மெல்லியதாகத் துணிப் பசை தடவி நறுக்கினால் நூல் பிரியாது. கம்பியின் கனமே துணியை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் சுருக்கம் பெரும்பாலும் போய்விடுகிறது. பக்க ஓரங்கள் சட்டத்தின் பின்பக்கக் காடியில் மறைந்துவிடும்.

ஐந்தாவது, ராடரிக்கின் சட்டம், வேறு மாதிரி. நாடகத்தின் கடைசிப் பகுதியில் ஹன்னா என்ற அம்மாள் கத்தியோடு துரத்தும்போது, ரிவ்வன் பெரியப்பாவைக் கூப்பிட்டு அலற, ராடரிக் தன் ஓவியத்திலிருந்து வெளியே வர வேண்டும். அப்போது மேடையில் முழு வெளிச்சம். உருளை சுருள்வதைக் காத்துக்கொண்டு நின்றால் அந்த அவசரம் செத்துவிடும். அதனால் அதற்கு மட்டும் காஸைத் தனி உள்சட்டத்தில் இழுத்து அடித்து, கீல் வைத்துக் கதவாக்கினோம். வெளிப்பக்கம் திறக்கும், அலமாரிக்கு வைக்கும் காந்தம் மூடிப் பிடிக்கும், மூடும் சத்தத்தை ஒரு ஃபெல்ட் துண்டு அடக்கிவிடும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கதவின் மூலைகளை அவர் இணைத்த நேர்த்தியைப் பார்க்க மற்ற குழுக்காரர்களெல்லாம் பின்னால் வந்தார்கள். யாரும் பார்க்காத பக்கத்துக்கு அவ்வளவு கவனம். சம்பளத்துக்குச் செய்யும் இடத்தில் அதற்கு நேரம் கொடுக்க மாட்டார்கள்.

சட்டத்தின் திறப்பு 180 செ.மீ. உயரம், 75 செ.மீ. அகலம். எல்லாம் 40 செ.மீ. உயர மேடைப் பெட்டிகளின் மேல், முன்னால் இரண்டு படி. தங்கச் செதுக்கு வேலைக்குச் சணல் கயிற்றைச் சுருள் சுருளாக ஒட்டி, காவி நிற அடிப்பூச்சு கொடுத்து, மேட்டில் மட்டும் வெண்கலப் பொடி வண்ணம் தேய்த்தோம். பத்தடி தூரத்தில் அது நிஜச் செதுக்கல்தான்.

இனி வண்ணம். காஸில் கெட்டியான வண்ணம் போட்டால் ஓட்டைகள் அடைந்துவிடும். அடைந்த இடம் பின்விளக்கு வரும்போது ஒளி போகாமல் கறுப்புத் திட்டாக நிற்கும். தரையில் பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் விரித்துத் தீட்டினால் வண்ணம் கீழே தேங்கி எல்லா ஓட்டையையும் அடைக்கும். செங்குத்தாக இழுத்துக் கட்டி, பின்னால் காற்றோட்டம் விட்டு, சாயம்போல நீர்த்த வண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு வைப்பதுதான் வழி. அடைந்த இடத்தை உடனே ஹேர் ட்ரையரால் பின்னாலிருந்து ஊதினால் திறந்துகொள்ளும். நடிகர்களை வேஷத்தோடு படமெடுத்து, ப்ரொஜெக்டரில் துணிமேல் விழவைத்து, கரிக்கோலால் கோடிழுத்துக்கொண்டோம். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மாள்தான் ஐந்தையும் தீட்டினார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்திலிருந்து வரிசை தொடங்க வேண்டும் என்பது பிரதியிலேயே இருப்பதால் ரூபர்ட்டுக்கு மடிப்புக் கழுத்துப் பட்டை, ராடரிக்குக்கு நெப்போலியன் போர்க் காலத்துக்குச் சற்று முந்தைய உடை.

துணி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் பொது அரங்கில் தொங்கும் துணிக்குத் தீத்தடுப்பு கட்டாயமாகக் கேட்பார்கள். மலிவான தீத்தடுப்பு மருந்து தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. நீர்த்த வண்ணத்தை நனைய நனையப் பூசினால் அது வெளியேறிவிடும். கரையாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். தீட்டி முடித்த ஓரத் துண்டைச் சோதனைக்கென்று எடுத்து வைத்தோம். அரங்கப் பொறுப்பாளர் தீயில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வெளிச்சம்தான் அதிக நேரம் தின்றது, அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான். முன்விளக்கு நேர் எதிரிலிருந்து வந்தால் துணியின் ஓட்டைகள் வழியே புகுந்து பின்னால் நிற்பவரின் முகத்தில் விழும். ஆவி வருவதற்கு முன்பே ஆவியின் மூக்கு தெரியும். விளக்கைச் செங்குத்தாக மேலே கொண்டுபோக வேண்டும். எங்கள் விளக்குக் கம்பம் தரையிலிருந்து 4.5 மீட்டர். ஓவியத்துக்கு 90 செ.மீ. முன்னால் அதைத் தொங்கவிட்டோம். பெட்டிமேல் நிற்பவரின் முகம் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர். ஆக 90 செ.மீ. குறுக்கே போகும்போது ஒளி இரண்டரை மீட்டர் இறங்குகிறது, கிட்டத்தட்ட 70 டிகிரி. நடிகர் துணிக்கு 20 செ.மீ. பின்னால் நின்றால், அவர் முகத்தைத் தொட வேண்டிய ஒளி முகத்தைவிடச் சுமார் 45 செ.மீ. மேலே துணியைக் கடந்திருக்க வேண்டும். அங்கே துணியே இல்லை, சட்டத்தின் மேல்மரம்தான் இருக்கிறது. முகத்துக்கு ஒளி போக வழியே கிடையாது. மார்புக்குக் கீழே கொஞ்சம் விழும், அங்கே கறுப்பு உடைதான். நடிகரின் முதுகுக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் துணி.

இந்தக் கோணத்துக்கு ஒரு விலை உண்டு. ஒளி துணியை உரசிக்கொண்டு இறங்குவதால் சின்னச் சுருக்கமும் மலைத்தொடர் மாதிரி தெரியும். உருளைக்குள் கம்பியின் கனத்தைக் கூட்டியது இதற்காகத்தான். சட்டத்தின் மேல்விளிம்பு 2 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஓவியத்தில் ஐந்து செ.மீ.க்கும் மேல் நிழல் விழும், நெற்றி மறைந்துவிடும். ஆகவே மேல்விளிம்பை மட்டும் தட்டையாக விட்டு, புடைப்பை வண்ணத்திலேயே காட்டினோம்.

பின்விளக்குக்கு எல்இடி பட்டையைச் சட்டத்தின் உள்பக்கம் ஒட்டிப் பார்த்தோம். மலிவு, சூடு கிடையாது. ஆனால் நாங்கள் வைத்திருந்த டிம்மரில் அது அடிமட்டத்திலிருந்து மெல்ல எழவில்லை, ஒரு துள்ளலோடு எரிந்தது. பேய் மெல்ல உருவெடுக்க வேண்டிய இடத்தில் சுவிட்ச் போட்ட மாதிரி வந்து நின்றது. கடைசியில் சின்ன 12 வோல்ட் ஹாலோஜன் விளக்குகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தோம். இழை விளக்கு இருட்டிலிருந்து கரிச் சிவப்பாகி, மஞ்சளாகி, வெள்ளையாகும் அந்தப் பயணம் இந்தக் காட்சிக்கென்றே செய்தது போலிருந்தது. பச்சை வண்ணத் தாள் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று வாதாடினேன், இயக்குநரும் ஒப்புக்கொண்டார். பக்கவாட்டு ஒளியில் கன்னத்துப் பள்ளம் தெரிவதே போதும்.

தீட்டிய கண்ணுக்கு நேர் பின்னால் நடிகரின் கண் இருந்து, ஒன்று மங்க மற்றது தெளிந்தால் ஓவியமே கண் திறப்பதுபோல இருக்கும் என்பது முதல் ஆசை. நடு இருக்கைக்கு அது சரி. ஓரத்திலிருந்து 30 டிகிரி சாய்வாகப் பார்ப்பவருக்கு, 20 செ.மீ. இடைவெளியில் நடிகரின் முகம் பதினோரு செ.மீ.க்கும் மேல் விலகித் தெரியும். ஒரே முகத்தில் நான்கு கண். அப்போதுதான் பிரதியை மறுபடி எடுத்துப் படித்தோம். மேடை ஒரு கணம் இருள்கிறது, பிறகு வெளிச்சம் வருகிறது, ஓவியங்கள் உயிர் பெற்றிருக்கின்றன என்றுதான் கில்பர்ட் எழுதியிருக்கிறார். மெல்ல மாறுகின்றன என்று எழுதவில்லை. நடுவில் ஒரு முழு இருட்டு. அந்த இருட்டு வந்துவிட்டால் கண்ணால் பழையதையும் புதியதையும் ஒப்பிட முடியாது, பதினோரு செ.மீ. யாருக்கும் தெரியாது. அவருடைய மேடைக் குறிப்பு அலங்காரத்துக்கு எழுதியது இல்லை, தச்சருக்கும் விளக்குக்காரருக்கும் கொடுத்த உத்தரவு. அதை அப்படியே நம்பி வேலைசெய்யலாம் என்பதுதான் இந்த நாடகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். இருட்டு, பின்விளக்கு, கோரஸ் தொடக்கம், ‘இறங்கி வருகிறோம்’ என்று அவர்கள் பாடும் வரியில் உருளைகள் மேலே. இசையின் நீளமே எங்கள் கைகளுக்குக் கணக்கு.

ஆனால் இருட்டு எங்கே கிடைக்கும்? அவசர வாசல் விளக்கை அணைக்க அரசு விதி விடாது, அணைக்கவும் கூடாது. அந்தப் பச்சை வெளிச்சம் தூரத்தில் இருப்பதால் பாதகமில்லை. பெரிய எதிரி இசைக்குழுவின் ஸ்டாண்ட் விளக்குகள். வெள்ளைத் தாளில் பட்டு மேல்நோக்கித் தெறித்து, மேடை முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிடும். விளக்குகளுக்குக் கறுப்புத் தாளில் குல்லாய் செய்து, அந்தச் சில வரிகளைப் பார்க்காமல் வாசிக்க முடியுமா என்று கேட்டோம். வாத்தியக்காரர்கள் மனப்பாடம் செய்துகொண்டு விளக்கையே அணைத்துவிட்டார்கள். இது எவ்வளவு பெரிய உதவி என்பது மேடைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், கோலசைத்து இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர். இருட்டில் அவர் கை யாருக்கும் தெரியாது, கோரஸ் எப்போது எடுப்பது? இந்தக் கஷ்டம் புதிதில்லை. 1887 ஜனவரி 22ஆம் தேதி லண்டன் சவாய் அரங்கில் ‘ரடிகோர்’ முதன்முதலாக மேடையேறியபோது, இந்த இருட்டுக் காட்சியைச் சல்லிவன் ஒரு கண்ணாடிக் குழாயால் நடத்தினார். உள்ளே பிளாட்டினம் கம்பி, மின்சாரத்தில் மங்கிய சிவப்பாகக் கனலும். இவர்கள் நாடகங்களின் தயாரிப்பாளர் டாய்லி கார்ட் கட்டிய அந்த அரங்குதான் முழுக்க மின்விளக்கு போட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம், 1881இல். அந்த இடத்துக்குப் பொருத்தமான கோல்தான்.

நாங்களும் ஒன்று செய்தோம். 5 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் கம்பி, மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் உள்ளே போகும் ஒளி நீளம் முழுக்கக் கசியும். அடியில் ஒரு சிவப்பு எல்இடி, தடுப்பானாக ஒரு சின்ன ரெசிஸ்டர், மரப்பிடிக்குள் சிஆர் 2032 நாணய பேட்டரி, கட்டைவிரலுக்கு எட்டும் சுவிட்ச். கனம் சாதாரணக் கோலைவிடக் கொஞ்சம்தான் கூட. சிவப்பு ஏனென்றால் இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கெடுக்காது. சட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்குக் காஸ் வழியாகவே அந்தச் சிவப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறது என்பதை முதல் விளக்கு ஒத்திகையிலேயே பார்த்துக்கொண்டோம்.

ஆவிகளில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். இருட்டில் பூட்ஸும் மேலங்கியுமாக இரண்டு படி இறங்குவது விளையாட்டில்லை. படி விளிம்பில் இருட்டில் மினுங்கும் டேப்பை மேடைப் பக்கம் தெரியாதபடி உள்வாட்டமாக ஒட்டினோம். ஒவ்வொரு சட்டத்தின் உள்ளேயும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, பின்னால் ஒரு துணையாள். வேஷமில்லாமல், பிறகு வேஷத்தோடு, பிறகு இருட்டில் என்று தனியாக ஒத்திகை வைத்தோம். இதற்கு நேரம் ஒதுக்காமல் யாரும் இந்தக் காட்சியைத் தொடாதீர்கள்.

காட்சி நடந்த இரவுகளில் அரங்கில் எழுந்த சத்தம் எனக்குப் பிடித்தது. முதலில் மூச்சை இழுக்கும் ஓசை, கொஞ்ச நேரம் கழித்து வரி ஏய்ப்பு வசனத்துக்குப் பெருஞ்சிரிப்பு. அந்த வரிசையில் வந்ததால் இரண்டும் வேலை செய்தன. கடைசியில் ராடரிக் கதவைத் தள்ளிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் குதித்தபோது குழந்தைகள் கைதட்டினார்கள். தினக்குற்றம் செய்ய மறுப்பது தற்கொலைக்குச் சமம், தற்கொலையே ஒரு குற்றம், ஆகவே ராடரிக் செத்திருக்கவே கூடாது என்று ரிவ்வன் தர்க்கம் பேசிச் சாபத்தை முடித்துவைக்கும்போது, அவர் நிஜ மனிதராகக் கதவு வழியே வந்தது கதைக்கும் பொருந்திவிட்டது.

பிரித்தெடுக்கும்போது காஸை மடிக்காதீர்கள். மடித்த கோடு அடுத்த முறை முன்விளக்கில் நிச்சயம் தெரியும். உருளை உள்ள நான்கையும் அதனதன் உருளையிலேயே சுற்றி, பழைய படுக்கை விரிப்பில் பொதிந்து, எந்தப் பிரபு, எந்தப் பக்கம் மேல் என்று எழுதிக் கராஜில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். கப்பிகளும் கயிறும் ஒரே பையில். ‘ரடிகோர்’ போடப்போகும் இன்னொரு சொசைட்டி ஐந்தையும் கேட்டிருக்கிறது. முகங்கள் அவர்களுடைய நடிகர்களுக்குப் பொருந்தாது என்றாலும், இருட்டு நடுவில் வருவதால் தாடி மீசையை மட்டும் சரிசெய்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். சட்டத்து மரம் எங்களுக்கு வேண்டும். அடுத்தது அதே இருவரின் ‘பினஃபோர்’, கப்பலின் மேல்தளம் கட்ட அளவெடுத்தாகிவிட்டது.